பழைய ஆர்ம் தின் கிளையன்ட்டில் லினக்ஸ்: சீரியல் கேபிளிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஆர்ம் (ARM) சிப் உள்ள தின் கிளையன்ட், அதாவது சர்வரை நம்பி ஓடும் சின்னக் கணினிப் பெட்டி, கையில் இருந்தால், யுஎஸ்பியில் ஐஎஸ்ஓ எழுதிச் செருகிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். சாதாரண பிசி போல இதில் பயாஸ் கிடையாது, பெரும்பாலும் யு-பூட் (U-Boot) என்ற பூட்லோடர், அதாவது பவர் போட்டதும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்தான் இருக்கும், அது சொல்வது பல சமயம் திரையில் தெரியவே தெரியாது. அதனால் முதலில் மூடியைக் கழற்றி, போர்டில் மூன்று நான்கு பின்கள் வரிசையாக நிற்கும் சீரியல் இடத்தைத் தேடுங்கள், யு-பூட் சொல்வது எழுத்துகளாக அதன் வழியாகத்தான் வெளியே வரும். அந்தப் பின்களை உங்கள் கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் கேபிளில் கிரவுண்ட், ஆர்எக்ஸ் (பெறுவது), டிஎக்ஸ் (அனுப்புவது) மூன்றும் போதும் (ஆர்எக்ஸும் டிஎக்ஸும் எதிரெதிராக மாற்றி இணைக்க வேண்டும்), மின்சாரம் தரும் வயரை இணைக்கவே வேண்டாம். கணினியில் ஒரு சீரியல் டெர்மினல் நிரலைத் திறந்து வேகத்தை அமையுங்கள், பெரும்பாலும் 115200 பாட். பெட்டிக்குப் பவர் போட்டதும் டெர்மினலில் எழுத்துகள் ஓடும். பூட் ஆகும் முன் விநாடி எண்ணிக்கை இறங்கும்போது ஒரு கீயைத் தட்டினால் பூட் நின்றுவிடும். அங்கே யு-பூட்டின் அமைப்புகளைக் காட்டும் 'பிரின்ட்என்வ்' (printenv) கட்டளையைக் கொடுத்து, வருவதை ஒரு வரி விடாமல் சேமியுங்கள், பின்னால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் சிப்பின் பெயரைப் பார்த்து, அந்த போர்டுக்கு லினக்ஸ் கெர்னலில் டிவைஸ் ட்ரீ கோப்பு (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது) இருக்கிறதா என்று தேடுங்கள். சிப் ஆர்ம்வி7 வகை என்றால் டெபியன் லினக்ஸின் ஆர்ம்எச்எஃப் (armhf) பதிப்பு பெரும்பாலும் ஓடும், ஆர்ம்வி5 என்றால் ஓடாது. உள்ளே இருக்கும் ஃபிளாஷைத் தொடாமல், டிஎஃப்டிபி (TFTP, நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாகக் கெர்னலை ரேமில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரிவரவில்லையா, பவரை எடுத்துப் போட்டால் பெட்டி பழையபடி வந்துவிடும்.