திடீரென வந்ததா, மெல்ல வந்ததா: நரம்புக் கோளாறுக்கு மருத்துவரை எப்போது பார்ப்பது

கை மரத்துப் போவது, கிறுகிறுப்பு, பேச்சுக் குழறல், ஓயாத தலைவலி ஆகியவற்றில் எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு நாள் குறித்துப் போகலாம் என்பதை நம்மில் பலர் வலியை வைத்தே முடிவு செய்கிறோம். ஆனால் பக்கவாதத்தில் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை. ஆகவே எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதை விட, எவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்பதே சரியான கேள்வி. நொடிகளிலோ நிமிடங்களிலோ வந்த கோளாறுக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கூடிக்கொண்டே போகும் கோளாறுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததற்கு வெளிநோயாளர் பிரிவில் நிதானமாகக் காட்டலாம்.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரெனத் தளர்வது, சிரிக்கச் சொன்னால் வாயின் ஒரு முனை இறங்கி நிற்பது, பேச்சு குழறுவது அல்லது பிறர் பேசுவது புரியாமற்போவது, ஒரு கண்ணில் பார்வை மறைவது, நிற்க முடியாத அளவுக்குத் தள்ளாடுவது ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் அதைப் பக்கவாதம் என்றே எண்ணிச் செயல்பட வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குழாய் வழியே சென்று கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்ய முடியும். அதிலும் முந்துவோருக்கே பலன் அதிகம். இந்த நேரக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரவு 10 மணிக்கு நலமாகப் படுத்தவர் காலை 5 மணிக்கு வாய் கோணி எழுந்தால், மருத்துவர் 10 மணியிலிருந்தே எண்ணுவார். அதற்காக நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அப்படி எழுந்தவர்களிலும் சிலருக்கு ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை தர வழியுண்டு.

மலையில் வாழ்வோருக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. சேலத்தை ஒட்டிய ஏற்காடு மலையின் நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒருவருக்குக் கை விழுந்தால் முதலில் வண்டி வர வேண்டும். பிறகு ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் சாலையையோ கடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சேலத்து நெரிசல். மூடுபனி இறங்கிய இரவில் "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரே சொல் கையிலிருக்கும் நேரம் முழுவதையும் விழுங்கிவிடும். 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் போல் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்கேன் வசதியில்லாத சிறு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருப்பதை விட, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தின் அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்வதே நல்லது. எங்கே செல்வது என்பதைக் குடும்பத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது மிகவும் உதவும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

வண்டி வரும் வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாய்வழியே கொடுக்க வேண்டாம். விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரை கேடாக முடியும். வாத எண்ணெய் தேய்ப்பதில் போகும் ஒரு மணி நேரத்தைப் பின்னர் எதைக் கொடுத்தும் மீட்க முடியாது.

பத்து நிமிடத்தில் கை தானாகச் சரியாகிவிட்டால் எல்லோரும் நிம்மதியடைந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். வந்து மறைந்த அந்தத் தளர்ச்சி, பின்னால் வரவிருக்கும் பெரிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்த ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றே போக வேண்டும்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக அடங்குவதையே அந்த இரும்பின் பலனாக எண்ணிக்கொள்கிறோம். வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக வந்த வலிப்பு என்றால், அடங்கிய பிறகும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தலைவலிகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், இதுவரை கண்டிராத கடுமையான வலியும், காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலியும் அவசரப் பிரிவுக்கு உரியவை. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடக் கூடாது. முதியவர் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, சில வாரங்கள் கழித்து மந்தமாகவும் தூக்கக் கலக்கமாகவும் மாறினால், அதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். தலைக்குள் மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம்.

தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டி, தரையில் படுத்து உறங்குவோர் உள்ள வீடுகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. பல் தடம்கூடக் கண்ணுக்குப் படாமல் போகலாம். இரவு நன்றாகப் படுத்தவர் அதிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இரு கண்ணிமைகளும் சரிந்து, விழுங்கவோ பேசவோ முடியாமல் தவித்தால் பாம்புக்கடியை முதலில் நினையுங்கள். கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், நடக்க விடாமலும் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும்.

இரு கால்களிலும் தொடங்கிய தளர்ச்சி ஓரிரு நாளில் மேலேறினாலோ, முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் நின்றாலோ தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, அதே நாளில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மெல்ல வருபவற்றுக்கு இத்தனை பதற்றம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் ஆகாது. தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் நாள் முழுவதும் மணிக்கட்டை வளைத்து வேலை செய்வோருக்கு இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியாவது, பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். கட்டைவிரல் அடித்தசை மெலியத் தொடங்குமுன் காட்டினால் எளிதில் தீரும். மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே வருடத்தை ஓட்டுவது வீண். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிவதும், செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பதும், உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் யாருக்கேனும் தோன்றுவதும், ஓய்வாக இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குவதும் சில வாரங்களுக்குள் காட்ட வேண்டியவை. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருந்தாலும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரப்படும் கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகும்.

மருத்துவரிடம் செல்லும்போது, தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலிப்பும் நடுக்கமும் மருத்துவர் முன்னால் வராமல் போகலாம் என்பதால், வீட்டில் வரும்போது ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது மிக நல்ல சான்று. நேரில் கண்டவர் கூட வர வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் என்றால், மற்றதெல்லாம் சொல்லுமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.