இதய நோயாளிக்குக் கொப்புள நோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்களைப் பிடிக்கும் புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய், அரிப்பில்தான் தொடங்கும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அரித்த பிறகே நீர் கோத்த விறைப்பான கொப்புளங்கள் எழும். இதை அக்கி என்று எண்ணிக் காவி எழுதி நாளைக் கடத்தாதீர்கள். அக்கி ஒரு பக்கமாகப் பட்டைபோல் வரும். இது இரு பக்கமும் வரும், யாருக்கும் ஒட்டாது.

நோயை உறுதிசெய்யும் தோல் பயாப்ஸிக்கு இரண்டு துண்டு வேண்டும். கொப்புளத்தின் ஓரத்தில் எடுப்பது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகலாம். பக்கத்தில் கொப்புளமில்லாத தோலில் எடுப்பது, தோலில் படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. அதையும் ஃபார்மலினில் போட்டால் சோதனை வீண். பயாப்ஸிக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ தானாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அடைப்புதான் பெரிய ஆபத்து.

பெரிய தவறு நடப்பது சிகிச்சையில். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பலவீனமான இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் மூச்சு வாங்கும். கூடவே நீரை வெளியேற்றும் ஃப்ரூஸ்மைடு எடுத்தால் பொட்டாசியம் இறங்கும். இதய மருந்தான டிகாக்சினும் சேர்ந்தால் துடிப்பே தாறுமாறாகலாம். 2002-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், நோய் பரவலாக இருந்தவர்களில் மாத்திரைக் குழுவைவிட குளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கிரீம் பூசிய குழுவில் உயிர் பிழைத்தோர் அதிகம். ஆனால் அங்கே பூசியது நாளுக்கு 40 கிராம், அதாவது 30 கிராம் ட்யூப் ஒன்றுக்கும் மேல்! பட்டாணி அளவு தடவிவிட்டு ‘கிரீம் கேட்கவில்லை’ என்று மாத்திரைக்குத் தாவுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். அளவை மருத்துவர் குறிக்கட்டும். பூசிவிடுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். இத்தனை கிரீம் தோல் வழியே உள்ளேயும் போகும், ஆகவே சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

மாத்திரை தவிர்க்க முடியாதபோது தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். வாரக்கணக்கில் எடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது.

மருந்துச் சீட்டு முழுவதையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்குத் தரும் வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின் இந்த நோயைத் தூண்டலாம், தொடங்கிப் பல மாதம் கழித்தும்கூட. ஸ்டீராய்டு மாத்திரைக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் நல்ல மாற்று. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) ஏறலாம், சில நாளிலேயே சோதிக்க வேண்டும்.

பெரிய கொப்புளத்தைக் கிருமி நீக்கிய ஊசியால் அடியில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கையான கட்டு. ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்தில் நோயைச் சொல்லுங்கள்: ஒட்டும் பட்டையைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரலாம்.