ஆப்பிரிக்காவை வைத்துப் புவியியல் சொற்களைப் பிடிப்பது எப்படி?

கண்டங்களைப் பற்றிய பாடம் வந்ததும், பின்பக்கக் கலைச்சொல் பட்டியலை வரிசையாக உருப்போடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். அப்படிப் படித்தால் பீடபூமி ஒரு பக்கம், மக்களடர்த்தி ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும். என் மகளுக்கு வேறு வழியில் சொல்லிக்கொடுத்தேன்: ஒவ்வொரு சொல்லுக்கும் வரைபடத்தில் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு காரணம்.

பெயர் எதுவும் அச்சிடாத வெற்று வரைபடம், பென்சில், ரப்பர், ஓர் அட்லஸ் இருந்தால் போதும். வண்ணம் தீட்டி விற்கும் வரைபடம் வேண்டாம், அதில் நாம் செய்ய எதுவும் மிஞ்சாது. செயலிகளில் வரும் வினாடி வினா அட்டைகளும் எனக்குப் பிடிப்பதில்லை; சொல்லுக்குப் பொருள் வரும், இடம் வராது.

படி 1: கோடுகள்

நிலநடுக்கோடு, கடகரேகை, மகரரேகை மூன்றையும் போடுங்கள். மூன்றும் கடந்து போகும் ஒரே கண்டம் ஆப்பிரிக்காதான், பழகுவதற்கு இதை எடுத்ததும் அதனால்தான். 0° தீர்க்கரேகையையும் போட்டால், அது நிலநடுக்கோட்டைக் கினி வளைகுடாவில் வெட்டும். வளைகுடா என்ற சொல்லும் அங்கேயே முடிந்தது.

படி 2: மழை

நடுவில் காங்கோ ஆற்று வடிநிலம், அங்கே மழைக்காடு. வடக்கே போகப் போக மழை குறையும்: சவானா புல்வெளி, பிறகு சாகேல் என்ற அரைவறண்ட பட்டை, அப்புறம் சகாரா. தெற்கேயும் கிட்டத்தட்ட இதே வரிசைதான், முடிவில் கலகாரி.

சரி, இப்போது நிலநடுக்கோட்டின் மேல் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்துங்கள். கென்யாவும் சோமாலியாவும் அதே கோட்டில்தான் இருக்கின்றன. மழைக்காட்டை அங்கே வரைக்கும் நீட்டலாமா? பட்டியலை மட்டும் படித்த பிள்ளை தயங்காமல் பச்சை அடித்துவிடும். காலநிலையை அட்சரேகை மட்டும் முடிவு செய்வதில்லை. சோமாலியாவில் பருவக்காற்று கரைக்கு ஏறக்குறைய இணையாகவே வீசிப் போய்விடுவது வறட்சிக்கு ஒரு காரணம். உயரமும் குறுக்கே வரும்: ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 3 டிகிரி தெற்கே இருந்தும் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனி இருப்பது இதனால்தான்.

தென்மேற்குக் கரையைப் பாருங்கள். கடலை ஒட்டியே நமீப் பாலைவனம்! பெங்குவேலா குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று மேலெழாது, மழைமேகமும் திரளாது. மூடுபனி மட்டும் கரையேறும். இந்த மூன்று இடங்களிலும் கேள்விக்குறி போட்டு, காரணத்தைப் பிள்ளையே பக்கத்தில் எழுதட்டும். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

படி 3: ஆறுகள்

நைல், நைஜர், காங்கோ, சாம்பசி நான்கும் போதும். நைலும் நைஜரும் கடலில் சேரும் இடத்தில் டெல்டா என்று எழுதுங்கள்.

(பிறகு சேர்த்தது: ‘டெல்டா கடலோரத்தில்தானே இருக்கும், ஒக்கவாங்கோ எப்படி?’ என்று சிலர் கேட்டார்கள். அது கடலுக்கே போகாத ஆறு. போட்ஸ்வானாவில் கலகாரிக்குள் விரிந்து, ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் தீர்ந்துவிடுகிறது. உள்நாட்டு டெல்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.)

படி 4: மனிதர்கள்

நாட்டு எல்லைகளை இப்போதுதான் போட வேண்டும், முன்னால் அல்ல. எகிப்தில் மக்கள் நைலை ஒட்டியே நெருங்கி வாழ்வதைப் புள்ளி வைத்துக் காட்டினால் மக்களடர்த்தி புரிந்துவிடும். கடற்கரையே இல்லாத 16 நாடுகளை லேசாக நிழலிடுங்கள். அவற்றில் லெசோத்தோ முழுக்கத் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது.

காலனியாதிக்கத்துக்கு, அளவுகோல் வைத்துப் போட்டது போன்ற எல்லைகளைத் தேடச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி ஐரோப்பிய நாடுகள் பேசிய 1884–85 பெர்லின் மாநாட்டில்தான் எல்லாக் கோடுகளும் வரையப்பட்டன என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. எகிப்து–சூடான் எல்லையாக 22° வடக்கு அட்சரேகை வந்தது 1899 ஒப்பந்தத்தில்.

எல்லாம் முடிந்ததும் தென் அமெரிக்காவின் வெற்று வரைபடத்தைக் கொடுத்து, ‘குளிர் நீரோட்டத்தை ஒட்டிய பாலைவனம் இங்கே எந்தப் பக்கம் இருக்கும்?’ என்று கேளுங்கள். விரல் மேற்குக் கரைக்கு, அட்டகாமா பக்கம் போனால், ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே பட்டகோனியாவைக் காட்டி மழைமறைவுப் பகுதியை (மழைக்காற்றை மலை தடுப்பதால் வறண்டு கிடக்கும் மறுபக்கம்) ஆரம்பிக்கலாம்.