கொங்கில் முதல் கோடை: பிள்ளைகளோடு செலவில்லாமல் வெளியே போக

வேலை மாறி கோவைக்கோ திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ குடிவந்தவர்கள், வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வீடு பார்த்து வந்தவர்கள் என எல்லோருக்கும் பள்ளி லீவு விட்டதும் ஒரே கேள்விதான்: பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? பக்கத்து வீட்டில் கேட்டால் ஊட்டி என்பார்கள். மே மாத ஊட்டியில் மலைப்பாதை முழுக்க வண்டி நிற்கும், அறை வாடகை எகிறும், 2024 முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். முதல் கோடையை அதில் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். குளம், கிணறு, மேய்ச்சல் காடு என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடியாடி வளர்ந்த இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலும் காசே தேவையில்லை.

முதலில் நேரத்தைப் பற்றி. ஈரோடு, கரூர் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருவதால் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல் போங்கள். தொப்பியும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரும் கட்டாயம்.

தொடங்க நல்ல இடம் குளத்தங்கரை. கோவையில் நொய்யல் தண்ணீரை வாங்கி நிரம்பும் குளங்கள் நிறைய உண்டு: உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் என்று போகும். பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரையோரம் நடைபாதை போட்டிருப்பதால் தாத்தா பாட்டியோடும் கைக்குழந்தையோடும் நடக்கலாம். எனக்குப் பிடித்தது சிங்காநல்லூர். மரமும் புதரும் மண்டிய கரை அது, பறவையோடு வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நகரக் குளங்களில் சாக்கடையும் கலக்கிறது. கரையில் நின்று பார்ப்பதோடு சரி, பிள்ளைகளைத் தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம், அது 2022-லேயே ராம்சர் இடமாகிவிட்டது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் கோடையில் இருக்காது, அவற்றைப் பார்க்க மார்கழி, தை மாதங்களில் இன்னொரு தடவை வர வேண்டும். தண்ணீரும் குறைந்திருக்கும். ஆனால் வகைகள் குறைவு என்பதால் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதுவே வசதி. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, தண்ணீருக்குள் மூழ்கி வேறெங்கோ எழும் முக்குளிப்பான், இறக்கையை விரித்து வெயில் காயும் நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி. இந்த ஐந்தையும் அடையாளம் கண்டுவிட்டால் அப்புறம் பிள்ளைகளே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு பழைய நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். மெர்லின் என்ற இலவசச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்லும்.

அடுத்தது கிணறு. கொங்கு நாட்டில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது தோட்டத்துக் கிணற்றில்தான். முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி இறக்கிவிடுவது பழைய பழக்கம், இப்போது பெரும்பாலும் காலி பிளாஸ்டிக் கேன். நகரத்தில் நீச்சல் வகுப்புக்குக் கட்டும் பணத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஊருக்குப் புதுசு, தோட்டத்துக்கு எங்கே போவது என்று தயங்காதீர்கள். கூட வேலை பார்ப்பவர், பால் ஊற்றுபவர், பிள்ளையின் வகுப்புத் தோழன் என யாராவது ஒருவருக்குத் தோட்டம் இருக்கும். "ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமை பசங்களக் கூட்டிட்டு உங்க தோட்டத்துக்கு வரலாமுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்துச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். நீங்களும் வெறுங்கையோடு போகாமல் பழமோ மிக்சரோ வாங்கிப் போங்கள்.

கிணற்றுக்குச் சில விதிகள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். படி உள்ள கிணறாக இருக்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும். மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை முழுதாக நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். எவ்வளவு ஆழம், அடியில் பாறை எங்கே என்று தோட்டத்துக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோடையில் தண்ணீர் கீழே போயிருக்கும்போது மேலிருந்து குதிப்பது ஆபத்து.

வாய்க்காலிலும் ஆற்றிலும் குளிப்பதைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். கீழ்பவானி வாய்க்காலும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்களும் பார்க்கச் சாதுவாக ஓடும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு இன்னும் மோசம். பில்லூர் அணையில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால் முழங்கால் அளவு ஓடிய இடத்தில் திடீரென்று ஆள் மூழ்கும். வெளியூர்க்காரர்கள் விவரம் தெரியாமல் இறங்கி உயிரை விட்டிருக்கிறார்கள். அங்கே கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுங்கள், இறங்காதீர்கள். ஆற்றுத் தண்ணீரில் நனைந்தே தீர வேண்டும் என்றால் கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரி அணைக்கட்டுக்குப் போங்கள். சின்ன நுழைவுக் கட்டணம்தான். அணைக்கட்டின் மேல் வழிந்து விழும் தண்ணீரில், குளிக்க விட்டிருக்கும் பகுதியில் மட்டும் குளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வாரநாள் காலையில் போங்கள்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் உறவோ நட்போ இருந்தால் கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடாதீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த இந்தப் பூமியில் காங்கேயம் மாடுகள் தழைத்தது இந்த மேய்ச்சல் நிலத்தை நம்பித்தான். விடியலில் கௌதாரி கூவும், மயில் நடக்கும். எல்லாம் தனியார் நிலம் என்பதால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுச்சந்தைக்குப் போனால் காங்கேயம் காளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

மலையடிவாரத்துக்கு வேறு கணக்கு. மருதமலை, தடாகம், ஆனைகட்டி, சிறுவாணிப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. விடியலிலும் இருட்டும் நேரத்திலும் அங்கே நடைப்பயிற்சி வேண்டாம். அங்கே மட்டும் நன்றாக விடிந்த பிறகு போய் வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள். கோவைக் குற்றாலம், ஆழியாறு குரங்கு அருவி இரண்டும் வனத்துறையின் கையில் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றினாலோ காட்டுத்தீ பயம் இருந்தாலோ மூடிவிடுவார்கள், விசாரிக்காமல் கிளம்பினால் அலைச்சல்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு அருவிகளை வைத்துக்கொள்ளலாம், அப்போதும் வெள்ளம் வந்தால் மூடுவார்கள்.

போக்குவரத்துக்கும் அதிகம் ஆகாது. சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் கிடையாது. அம்மாவும் இரண்டு பொடிசுகளும் உக்கடம் குளத்துக்குப் போய்வர ஒரு ரூபாய்கூட ஆகாது. திரும்பும் வழியில் நுங்கு விற்றால் வாங்கிக் கொடுங்கள், பதநீர் வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிடுங்கள், நேரமானால் புளித்துவிடும்.