குழந்தைக்கு கொடுமை நடந்தா ஆஸ்பத்திரிக்கும் நிவாரணப் பணத்துக்கும் வேலூர் பக்கம் இன்னா செய்யணும்

காசு இல்லையேன்னோ, கேஸ் ஆயிடுமேன்னோ குழந்தைய வீட்லயே வச்சுக்காதீங்க, அதான் மொத விஷயம். பேரணாம்பட்டு, அணைக்கட்டு மலைப்பக்கம்லாம் இன்னும் நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா மொதல்ல ஸ்டேஷன் போகணும், எஃப்ஐஆர் போடணும், அப்புறம் தான் டாக்டர் தொடுவாங்க, அதுக்கு எவ்ளோ கேப்பாங்களோன்னு. அப்படி எதுவும் இல்ல. மொதல்ல ஆஸ்பத்திரி தான்.

2012 போக்சோ சட்டத்துல (குழந்தைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்கற சட்டம்) 27வது பிரிவு இருக்கு, எஃப்ஐஆர் போடலனாலும் குழந்தைக்கு மெடிக்கல் பரிசோதனை பண்ணலாம். 2020ல வந்த போக்சோ விதிகள்ல 6வது விதி, அவசர சிகிச்சைக்கு முன்னாடி மாஜிஸ்ட்ரேட் லெட்டரோ வேற எந்த பேப்பரோ கேக்கவே கூடாதுன்னு சொல்லுது. பிஎன்எஸ்எஸ்னு இருக்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 397வது பிரிவுப்படி பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் உடனே இலவசமா பாக்கணும், மறுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கவுன்டர்ல யாராவது "மொதல்ல பணம் கட்டுங்க"ன்னா சண்டை போடாம இந்த 397ஐ சொல்லி டூட்டி டாக்டர கூப்பிடச் சொல்லுங்க, நம்பர் சொன்னாலே பேச்சு மாறிடும்.

எங்க போறது? அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கேஷுவால்டி ராத்திரி பகல் எப்பவும் திறந்திருக்கும். குடியாத்தத்துல இருந்தா அங்க ஜிஎச், டவுன்ல சிஎம்சி கிட்டன்னா அங்க. 2019ல மாவட்டம் மூணா பிரிஞ்சதால ஆம்பூர்காரங்க, ஆற்காட்டுக்காரங்க இங்க வரக்கூடாதோன்னு யோசிக்க வேணாம், சிகிச்சைக்கு மாவட்ட எல்லைலாம் கிடையாது. வண்டி இல்லனா 108.

நேரம் ரொம்ப முக்கியம். ஹெச்ஐவி வராம தடுக்கற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, அப்புறம் 28 நாள் விடாம போடணும். கர்ப்பத்தடை மாத்திரையும் அப்படித்தான், சீக்கிரம் குடுத்தா தான் வேலை செய்யும். முடிஞ்சா குழந்தைய குளிப்பாட்டாம கூட்டிட்டு போங்க, போட்டிருந்த துணிய துவைக்காம பேப்பர் பையில போட்டு எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரம் புடிச்சு தடயம் போயிடும். ஆனா ஏற்கனவே குளிப்பாட்டிட்டீங்க, நாலு நாள் ஆயிடுச்சு, ஒரு மாசம் ஆயிடுச்சுன்னாலும் போங்க, காயமும் மனசும் இருக்கே.

பொண்ணுக் குழந்தைனா லேடி டாக்டர் தான் பாக்கணும். அம்மாவோ, குழந்தை நம்பற வேற யாராவதோ கூடவே இருக்கலாம், வெளிய நில்லுன்னா ஒத்துக்காதீங்க. ரெண்டு விரல் டெஸ்ட்டுன்னு முன்ன ஒரு அசிங்கமான பழக்கம் இருந்துச்சு, அத செய்யவே கூடாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் கண்டிப்பா சொல்லிடுச்சு. பரிசோதனை வேணாம்னு குழந்தை அழுதா கட்டாயப்படுத்தக் கூடாது, அதுக்காக சிகிச்சைய நிறுத்தவும் கூடாது.

ஆஸ்பத்திரில இருந்து போலீசுக்கு தகவல் போகும், அது சட்டம், டாக்டர திட்டாதீங்க. போலீஸ் யூனிஃபார்ம்ல வந்து குழந்தை கிட்ட பேசக்கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள அவங்க குழந்தைகள் நலக் குழுவுக்கும் (குழந்தைங்க பாதுகாப்புக்குன்னு இருக்கற அரசுக் குழு) போக்சோ கோர்ட்டுக்கும் தகவல் குடுக்கணும், பண விஷயம் இங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

குழந்தைகள் நலக் குழு கிட்ட அதே போக்சோ விதிகள்ல 8வது விதிப்படி "ஸ்பெஷல் ரிலீஃப்" வேணும்னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. சாப்பாடு, துணி, பஸ் செலவு மாதிரி அவசரத் தேவைக்கு இது. குழு பரிந்துரை பண்ணி ஒரு வாரத்துக்குள்ள பணம் வரணும். கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க, நம்ம ஜனங்க கேக்கறதே இல்ல, எனக்கு இதுல தான் ரொம்ப வருத்தம். குழு ஆபீஸ் எங்கன்னு தெரியலனா 1098க்கு அடிங்க. கேஸ் முடியற வரைக்கும் கூட வர ஒரு துணை நபரையும் குழு கிட்டயே கேளுங்க.

அடுத்தது இடைக்கால இழப்பீடு. 9வது விதிப்படி எஃப்ஐஆர் ஆனதுக்கு அப்புறம் எப்ப வேணா கோர்ட்ல கேக்கலாம், தீர்ப்பு வர வரைக்கும் காத்திருக்க தேவையில்ல, ஆர்டர் போய்ச் சேந்து 30 நாள்ல அரசு குடுக்கணும். குற்றவாளி கிடைக்கலனாலும், விடுதலை ஆனாலும் கூட குழந்தைக்கு இழப்பீடு உண்டு. 2018 தேசிய சட்டப் பணிகள் திட்டத்துல பலாத்காரத்துக்கு 4ல இருந்து 7 லட்சம்னு இருக்கு, மைனர்னா அந்த வரம்பு 50 சதவீதம் அதிகம். மனு எழுத காசு குடுத்து வக்கீல் புடிக்க வேணாம், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, இலவசமா வக்கீல் தருவாங்க, போன்ல 15100.

பட்டியல் சாதி, பழங்குடி குழந்தைக்கு இந்த ரெண்டுலயும் சேராதவன் செஞ்சிருந்தா வன்கொடுமை சட்டத்துல தனி நிவாரணம் இருக்கு, பலாத்காரம்னா அதுல பாதி மெடிக்கல் ரிப்போர்ட் வந்த உடனேயே. எஃப்ஐஆர்ல அந்தப் பிரிவு இருக்கான்னு பாருங்க, ஜவ்வாது மலை பக்கம் இருக்கறவங்க சாதிச் சான்றிதழ கையில வச்சிருங்க.

அடி, சூடு, பட்டினி போடறது, கவனிக்காம விடறது இதுக்கெல்லாம் போக்சோ இல்ல, இளைஞர் நீதி சட்டம் 75வது பிரிவு. அதுக்கும் குழந்தைகள் நலக் குழு தான். பெரிய சிகிச்சைனா முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல பாருங்க, மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் திட்டத்தோட ஸ்பான்சர்ஷிப்ல தகுதி இருந்தா மாசம் 4000 ரூபா குழந்தைக்கு வரும், கிராமத்துல குடும்ப வருமானம் வருஷம் 72,000க்குள்ள, டவுன்ல 96,000க்குள்ள இருக்கணும்.

ஓபி சீட்டு, ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், எஃப்ஐஆர் காப்பி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு போன்லயும் போட்டோ எடுத்துக்கோங்க. ஆனா குழந்தை பேரு, போட்டோ எதையும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, அதுவே குற்றம்.

இழப்பீடு வந்தா மேல சொன்ன 2018 சட்டப் பணிகள் திட்டப்படி மைனருக்கு 80 சதவீதம் பேங்க்ல டெபாசிட்டா போயிடும், 18 வயசுக்கு அப்புறம் தான் எடுக்கலாம். நடுவுல ஆபரேஷன், கவுன்சிலிங், ஸ்கூல் ஃபீஸ்னு அவசியம் வந்தா எடுத்துக்க அனுமதி கேட்டு அந்த ஃபைல்ல இருக்கற பில்லோட மனு போடுங்க.