எடை குறைந்த குழந்தையை வீட்டில் பேணுவது எப்படி: பியேர் புதேன் காட்டிய வழி

2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து தாய்வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பத்தார் மனத்தில் இருத்த வேண்டியவை சூடு, தாய்ப்பால், தொற்றிலிருந்து காப்பு ஆகிய மூன்றுமே. இம்மூன்றையும் வலியுறுத்திய பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பியேர் புதேன் (1846–1907), வீடு திரும்பிய குழந்தைகளையும் விட்டுவிடாமல், தாய்மார்கள் அவர்களை வாரந்தோறும் கொண்டுவந்து காட்டும் ஏற்பாட்டை 1892இல் பாரிஸின் ஷரிதே மருத்துவமனையில் தொடங்கினார். அந்நாளில் நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

முதலில் சூடு. புதேனின் ஆசிரியர் ஸ்தெஃபான் தர்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, 1880களின் தொடக்கத்தில் சிசுக்களுக்கு வெந்நீரால் சூடேறும் பெட்டியை அமைத்தார். ஆனால் பெட்டிக்குள் போன குழந்தையிடமிருந்து தாய் விலகிவிடக் கூடாதே என்று புதேன் கவலைப்பட்டார். வீட்டில் அந்தக் கவலைக்கு இடமில்லை, ஏனெனில் தாயின் மார்பே பெட்டி. அணையாடையும் குல்லாவும் மட்டும் அணிவித்து, குழந்தையின் நெஞ்சு தாயின் நெஞ்சில் படும்படி நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு மூடாதபடி பழைய பருத்திச் சேலையால் சேர்த்துக் கட்ட வேண்டும். தாய் அயரும்போது அப்பாவும் பாட்டியும் இப்படியே வைத்துக்கொள்ளலாம். மார்கழிப் பனியில், ஆற்றங்கரை வீடுகளில் விடியற்காலை ஈரக்குளிர் இறங்கும் வேளையில், குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது பால். மார்பில் சப்பிக் குடிக்க வலுவில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையால் புகட்டலாம். இன்று மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுகளும் அதையே பயன்படுத்துகின்றன. பாலாடையைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து எடுத்து, குழந்தையைப் பாதி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் உதட்டு ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். அழும் வாயில் ஊற்றினால் புரையேறும். சேனை, தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம்.

புதேனின் முறைக்கு உயிர்நாடியே தராசு. கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ, வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல் எடை பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பி, பின்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பார்க்க வருகிறவர்கள் "பிள்ளை தேறிவிட்டது" என்று சொல்வதை நம்பாமல் நோட்டைப் பாருங்கள். எடை ஏறவில்லையென்றால் அதே வாரத்தில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொற்று பெரும்பாலும் அன்போடு வரும் கைகளின் வழியேதான் வருகிறது. யாரானாலும் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே தூக்க வேண்டும். தொப்புள்கொடியில் மஞ்சளோ சாம்பலோ வைக்கக் கூடாது. கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் பாட்டிமார்களின் கைப்பக்குவத்தின்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆயினும் எடை நன்றாக ஏறும்வரை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைப்பதே போதும். சாம்பிராணிப் புகையை அடியோடு விட்டுவிடுங்கள்.

பால் குடிக்க மறுத்தல், மூச்சிரைப்பு, துவண்டு கிடத்தல், வலிப்பு, காய்ச்சல், உடலின் மஞ்சள் நிறம் உள்ளங்காலிலும் தெரிதல், சூடேற்றியும் உடல் சில்லிட்டே இருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மருத்துவமனை போய்ச் சேரும்வரை குழந்தை தாயின் மார்போடு ஒட்டியே இருக்கட்டும்.