பெனலோப்பியின் தறி: உங்கள் முதல் 8 பக்கக் காமிக்ஸை முடிப்பது எப்படி

ஏழு மாதம் நான் ஒரே ஒரு பக்கத்தை வரைந்துகொண்டிருந்தேன். பண்டைய கிரேக்கக் கதை ஒன்றைக் காமிக்ஸ் ஆக்க வேண்டும் என்று ஆசை. முதல் பக்கம், முதல் கட்டம்: தறியின் முன்னால் ஒரு பெண். கை சரியில்லை என்று அழித்தேன். கை சரியானதும் தறி இடித்தது. தறியைத் திருத்தியதும் முகம் பிடிக்காமல் போனது. இரண்டாம் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

அந்தப் பெண் பெனலோப்பி. கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் இத்தாக்கா தீவின் அரசி. கணவன் ஒடிசியஸ் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அவளை மணக்க அரண்மனையில் ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமனார் லேயர்ட்டீஸுக்கு ஈமத்துணி நெய்து முடித்த பிறகு முடிவு சொல்கிறேன் என்கிறாள். பகலெல்லாம் நெய்கிறாள், இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் நெய்ததைப் பிரிக்கிறாள். மூன்று வருடம் இப்படியே ஓடுகிறது. நான்காம் வருடம் விஷயம் தெரிந்த பணிப்பெண் ஒருத்தி சொல்லிவிட, கையும் களவுமாகப் பிடிபடுகிறாள்.

ஒரு நாள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது உறைத்தது: அவள் செய்வதையே நானும் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் தான் ஏன் பிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். துணி முடிந்தால் வேண்டாத ஒன்று நடக்கும். எனக்கு எது வேண்டாம்? முடித்தால் யாராவது படிப்பார்கள். படித்தால் நன்றாக இல்லை என்று சொல்லக்கூடும். முடியாத பக்கத்தை யாராலும் குறை சொல்ல முடியாது. கச்சிதம் என்று நான் பெயர் வைத்திருந்தது பெரும்பாலும் இந்தப் பயத்துக்குத்தான்.

அதன்பிறகு அதே கதையை 8 பக்கத்தில் வரைந்து முடித்தேன். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். வேறு கிரேக்கக் கதை எடுத்தாலும் இதே வழி பொருந்தும். தாள், பென்சில், ஒரு கறுப்புப் பேனா போதும். கணினியில் வரைபவர்களுக்கு க்ரிட்டா என்ற வரைகலை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: காவியத்தை விடுங்கள், ஒரு முடிச்சை எடுங்கள்

ஒடிசி 24 காண்டங்கள். அதை வரைய உட்காராதீர்கள். தறிக் கதை அதில் சில வரிகள்தான், ஆனால் 2, 19, 24 ஆகிய மூன்று காண்டங்களில் வருகிறது. முதலில் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவன் குற்றச்சாட்டாகச் சொல்கிறான். அடுத்து பெனலோப்பியே சொல்கிறாள். கடைசியில் செத்துப்போன ஒருவனின் ஆவி பாதாளத்தில் சொல்கிறது. மூன்று பேர் சொல்லும்போதும் வரிகள் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தச் செய்தி எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. வாய்மொழியாகப் பாடிவந்த மரபு அது. ஒரு முறை நன்றாக அமைந்த வரியைப் பாணர்கள் தயங்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். விடியலைச் சொல்லும்போது ‘ரோஜா விரல் கொண்ட விடியல்’ என்று பல முறை வரும். அவர்களுக்கு அது சோம்பல் அல்ல, தொழில்நுட்பம். இதை மனதில் வையுங்கள், ஐந்தாம் படியில் நமக்குக் கைகொடுக்கும்.

கதை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அண்மைக்கால மொழிபெயர்ப்புகளுக்குக் காப்புரிமை உண்டு. அவற்றின் வாக்கியங்களை எடுத்துப் போடாதீர்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வசனத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

படி 2: ஆராய்ச்சிக்கு மூன்று படங்கள், ஒரு மாலை

கச்சிதப் பிடிவாதம் முதலில் ஒளிந்துகொள்ளும் இடம் ஆராய்ச்சி. ‘அந்தக் காலத்து உடை எப்படி இருந்தது என்று இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்’ என்று தோன்றும். அந்தக் காலம் என்பதே எந்தக் காலம்? கதை நடப்பதாகச் சொல்லப்படுவது வெண்கல யுகத்தின் முடிவில். காவியம் உருவானது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. பெனலோப்பியைத் தறியோடு காட்டும் புகழ்பெற்ற ஜாடி ஓவியம் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த ஓவியர் அவளுக்குத் தன் காலத்து உடையைத்தான் போட்டுவிட்டார். கிரேக்கர்களே செய்ததை நீங்கள் செய்தால் தப்பில்லை.

அந்த ஜாடி இத்தாலியில் கியூசி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெனலோப்பி தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள், மகன் டெலிமாக்கஸ் எதிரே நிற்கிறான், பின்னால் பெரிய தறி. இது உங்கள் முதல் படம். இரண்டாவது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறிய எண்ணெய்க் குப்பி. அமாசிஸ் ஓவியர் என்று அழைக்கப்படுபவர் வரைந்தது, கி.மு. 550–530. பெண்கள் நின்றபடி நெய்வது அதில் தெளிவாகத் தெரியும். மூன்றாவது உங்கள் விருப்பம். நான் கிரேக்கத் தீவு ஒன்றின் கடற்கரைப் புகைப்படம் வைத்துக்கொண்டேன்.

தறியில் மட்டும் ஒன்றைச் சரியாகப் பிடியுங்கள், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. கிரேக்கத் தறி நெட்டுக்குத்தாக நிற்கும். பாவு நூல்கள் மேல் சட்டத்திலிருந்து தொங்கும். அவற்றை இழுத்துப் பிடிக்கக் கீழே களிமண் எடைகள் கட்டியிருக்கும். நெசவு மேலிருந்து தொடங்கும். குறுக்காகப் போகும் ஊடை நூலை மேல்நோக்கித்தான் அடித்து நெருக்குவார்கள். ஆகவே உங்கள் படத்தில் துணி மேலே, வெறும் நூல்கள் கீழே. பகலில் துணியின் விளிம்பு கீழே இறங்கும், இரவில் மேலே ஏறும். வாசகருக்கு ஒரு வார்த்தை விளக்காமலேயே நேரம் போவதை இதை வைத்தே காட்டலாம்.

படி 3: யார் கண்ணால் பார்க்கிறோம்?

காட்டிக்கொடுத்த பணிப்பெண்ணுக்கு ஹோமர் பெயர் சொல்லவில்லை. ஏன் சொன்னாள் என்பதும் இல்லை. பழைய கதையில் இப்படி ஒரு ஓட்டை கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக நுழைய அதுதான் வாசல். என் கதையில் தீப்பந்தம் பிடித்து நிற்பவள் அவள்தான். மூன்று வருடம் ஒவ்வொரு இரவும் கை வலிக்க வலிக்கப் பந்தம் பிடித்தவள்.

முடிவானதும் ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்னுடையது: ‘அரசி துணியைப் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் தொலைத்த ஒரு பெண், ஒரு நாள் வாய் திறக்கிறாள்.’ அந்த வாக்கியத்துக்கு வேண்டாத எதையும் வரைய வேண்டியதில்லை. ட்ராய் போர் வேண்டாம், கப்பல் வேண்டாம், ஒற்றைக்கண் அரக்கன் வேண்டாம்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ‘பெனலோப்பி’யா ‘பெனலோப்பே’யா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். ஏதோ ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதையே எழுதினால் போதும்.

படி 4: தீப்பெட்டி அளவில் எட்டுப் படங்கள்

ஏன் 8? ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம். இரண்டு தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்து நடுவில் பின் அடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். எண்ணிக்கையைத் தாளே முடிவு செய்துவிடுவதால், ‘இன்னும் நாலு பக்கம் சேர்த்தால் நன்றாக வருமே’ என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு பக்கத்தையும் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் கிறுக்குங்கள். ஆட்கள் குச்சி உருவமாக இருந்தால் போதும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், கைபேசியில் நேரம் வைத்து. எனக்கு வந்த வரிசை இது: முதல் பக்கத்தில் கூடமும் அரசியின் வாக்கும். இரண்டில் பகல் நெசவு. மூன்றில் முதல் இரவு. நான்கும் ஐந்தும் மூன்று வருடங்கள். ஆறில் பணிப்பெண்ணைக் கேள்வி கேட்கிறார்கள். ஏழில் கதவு திறக்கிறது. எட்டில் துணி.

நான்கும் ஐந்தும் உள் தாளின் நடுப்பக்கங்கள். புத்தகத்தை விரித்தால் அவை வெட்டில்லாத ஒரே பரப்பு. நீண்ட காலத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

படி 5: பகல் வெள்ளை, இரவு கறுப்பு

கிரேக்க ஜாடிகளில் இரண்டு முறைகள் பெயர்பெற்றவை. பழைய முறையில் களிமண்ணின் செம்மஞ்சள் நிறத்தின் மேல் உருவங்கள் கறுப்பாக இருக்கும். கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் இதை அப்படியே புரட்டினார்கள்: பின்னணி கறுப்பு, உருவங்கள் செம்மஞ்சள் (‘சிவப்பு உருவ’ முறை). இதைப் படித்ததும் என் காமிக்ஸ் கண்முன் வந்துவிட்டது. பகல் கட்டங்களில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. இரவுக் கட்டங்களில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு.

இப்போது நடுப்பக்கத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு தறியை நன்றாக வரையுங்கள். நகலெடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டுங்கள், ஒன்று விட்டு ஒன்று நிறத்தைப் புரட்டுங்கள், துணியின் விளிம்பை மட்டும் இறக்கி ஏற்றுங்கள். கட்டத்துக்குக் கட்டம் எதுவும் மாறாததுதான் அங்கே கதை. பாணர்கள் ஒரே வரியைத் திரும்பப் பாடியதுபோல நீங்கள் ஒரே படத்தைத் திரும்ப வைக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தால் அந்த அலுப்பு வாசகருக்குக் கிடைக்காது.

பெண் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 16ஆம் காண்டத்தில் டெலிமாக்கஸ் ஊர்வாரியாகக் கணக்குச் சொல்கிறான்: 52, 24, 20, 12. மொத்தம் 108. அத்தனை முகமும் வரையப் போனால் நீங்களும் மூன்று வருடம் தறியில்தான். மூன்று பேருக்கு மட்டும் முகம் கொடுங்கள். என் தேர்வு ஆன்டினோஸ், யூரிமாக்கஸ், ஆம்ஃபினோமஸ். மற்றவர்கள் தோளும் கோப்பையும் சுவரில் விழும் நிழலும். கூட்டத்தின் நடுவே மாட்டிய ஒருத்திக்கு அது அப்படித்தான் தெரியும்.

வரையும் முன் வசனத்தை எழுதிப் பலூனைக் கட்டத்தில் வைத்துவிடுங்கள். தமிழில் இது மிக முக்கியம். நம் சொற்கள் நீளம். ஒடுங்கிய பலூனில் ஒரு சொல்லே வரியை அடைத்துவிடும். பலூன் அகலமாக இருக்கட்டும். ‘கீ’, ‘து’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். படம் முடிந்தபின் பலூன் வைத்தால், மணிக்கணக்கில் வரைந்த முகத்தின் மேல் அது உட்காரும். அப்புறம் முழுக் கட்டத்தையும் திரும்ப வரைய ஒரு ‘நியாயமான’ காரணம் கிடைத்துவிடும்.

ஏ4 அளவில் வரைந்து ஏ5க்குச் சுருக்குங்கள். நீள அகலம் சுமார் 71 சதவீதமாகக் குறையும்போது நடுங்கிய கோடுகள் தாமாகவே இறுகும். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்).

படி 6: திரும்பப் போகக் கூடாது

வரைவதை ஐந்தாம் பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பக்கம் கடைசியில்தான். வாசகர் முதலில் பார்ப்பது முதல் பக்கம்; அதற்குள் உங்கள் கை ஏழு பக்கப் பழக்கம் பெற்றிருக்கும். முதல் பக்கத்தையே முதலில் வரைந்தால், நான்காம் பக்கம் வரும்போது அது மட்டமாகத் தெரியும், திரும்பப் போவீர்கள். நான் ஏழு மாதம் மாட்டியிருந்ததும் முதல் பக்கத்தில்தான்.

முடிந்த பக்கத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அதில் ஏதாவது உறுத்தினால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: ‘பக்கம் 3, கட்டம் 2, விரல்.’ எழுதிவிட்டு அடுத்த பக்கம். உறுத்தல் நோட்டில் பத்திரமாக இருப்பதால் மனம் அதைச் சுமக்க வேண்டியதில்லை. எனக்கு இது முதல் வாரம் மிகக் கடினமாக இருந்தது. இரண்டு முறை உறையைப் பிரித்தேன். மூன்றாம் முறை பிரிக்கவில்லை.

சோர்ந்து போகும் நாளில் கிரேக்கச் சிவப்பு உருவ ஜாடிகளை நெருக்கமாக எடுத்த படங்களைப் பாருங்கள். சிலவற்றில் முதலில் கீறிய மாதிரிக் கோடு இன்னும் தெரியும், இறுதிக் கோடு வேறு வழியில் போயிருக்கும். ஒரு கால் வேறிடத்தில் தொடங்கி இடம் மாறியிருக்கும். ஓவியர் நடுவில் மனம் மாறியது 2,500 வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது. அதோடுதான் அந்த ஜாடி சூளைக்குப் போனது.

படி 7: திருத்தத்துக்கு ஒரே நாள்

எட்டும் முடிந்தபின் உறைகளையும் நோட்டையும் திறங்கள். என் நோட்டில் 41 குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இதனால் வாசகருக்குக் கதை தப்பாகப் புரியுமா? பணிப்பெண்ணின் கொண்டை ஆறாம் பக்கத்தில் மாறியிருந்தது. வேறு ஆள் என்று நினைக்க வாய்ப்புண்டு. திருத்தினேன். ஒரு இரவுக் கட்டத்தில் துணி பகலைவிட நீளமாக இருந்தது. திருத்தினேன். விரல் கோணல், தூண் சாய்வு, அரசியின் காது சற்று மேலே: விட்டுவிட்டேன். 41இல் திருத்தியது ஆறு.

படி 8: பின் அடித்து ஒருவரிடம் கொடுங்கள்

இரண்டு தாளிலும் இருபுறமும் அச்சிட்டு, மடித்து, பின் அடியுங்கள். வெளித்தாளில் 8, 1, 2, 7 பக்கங்கள். உள்தாளில் 6, 3, 4, 5. முதலில் வெள்ளைத்தாளில் எண் எழுதி மடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒருவரிடம் கொடுத்து, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையும் சுவரில் ஒட்டிய வாக்கியமும் எங்கே விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு அடுத்த காமிக்ஸுக்கு.

எட்டாம் பக்கத்தில் நான் ஒரே கட்டம்தான் வைத்தேன். பெனலோப்பி விருப்பமில்லாமல், வற்புறுத்தலால்தான் துணியை முடித்தாள். ஆனாலும் 24ஆம் காண்டத்தில் அந்த ஆவி சொல்வது இதுதான்: நெய்து முடித்து, துவைத்து அவள் எடுத்துக் காட்டியபோது அந்தத் துணி சூரியனைப் போல, நிலவைப் போல ஒளிர்ந்தது. அதைக் காட்ட அந்தப் பக்கத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டேன். கீழ் மூலையில் மட்டும் அணைந்த பந்தத்தோடு பணிப்பெண் நிற்கிறாள்.